73 டன் ரோஜா

வீடு மாற்றுவதென்று முடிவானதும் என் மனைவி ஒரு லிஸ்ட் போட்டார். பீரோ, கட்டில், கிரைண்டர், புத்தக மூட்டை (பக்கத்தில் ‘பாதியைப் பழைய பேப்பர்காரருக்குப் போடலாம்’ என்று ஒரு குறிப்பு). லிஸ்டின் கடைசி ஐட்டம்: ரோஜாச் செடி.

தொட்டிச் செடியென்றால் கவலையில்லை. வண்டியில் ஒரு மூலையில் வைத்துவிடலாம். இது தரையில் ஊன்றியது. பன்னீர் ரோஜா. பதினொரு வருஷமாக ஒரே இடத்தில் நிற்கிறது. அடித்தண்டு என் கட்டைவிரலைவிடப் பெருசு. அதைப் பெயர்த்து எடுத்து, இன்னோர் இடத்தில் நட்டால் பிழைக்குமா?

நர்சரிக்காரர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினேன். செடியைச் சுற்றி ஒரு ரவுண்டு வந்தார்.

“பொழைக்கும் சார். ஆனா மேல பாதிக்கு மேல வெட்டணும்.”

“வெட்டணுமா?” என்றார் என் மனைவி. “நல்லா இருக்கற செடிய எதுக்குப்பா வெட்டணும்?”

“மேல இருக்கற இலையெல்லாம் செலவும்மா. கீழ இருக்கற வேர்தான் வரவு. தோண்டி எடுக்கறப்ப வேர் பாதி அறுந்துரும். வரவு பாதியாப் போனா செலவையும் பாதியாக்கணும் இல்ல?”

நான் பி.காம். படித்தவன். மூன்று வருஷம் கல்லூரியில் உட்கார்ந்திருக்கிறேன். வரவு செலவை இவ்வளவு சுருக்கமாக எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கண்ணுக்குத் தெரிகிற தடித்த வேர் செடியைப் பிடித்து நிறுத்துவதற்கு. தண்ணீரை உறிஞ்சுகிற வேலையைச் செய்வது அதன் நுனியில் இருக்கும், நூல் மாதிரியான சின்ன வேர்கள். கடப்பாரை இறங்கியதும் முதலில் அறுவது அவைதான். ஆனால் மேலே இருக்கிற இலைகளுக்கு அது தெரியாது. வழக்கம்போல் தண்ணீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கும். வரவு நின்று, செலவு மட்டும் தொடர்ந்தால் எந்தக் கம்பெனியும் திவால்தான். செடியும் அப்படித்தான்.

மற்ற விதிகளையும் சொன்னார். வெயில் காலத்தில் தொடவே கூடாது. மார்கழி, தை நல்லது. சாயங்காலம்தான் தோண்ட வேண்டும். தண்டை ஒட்டித் தோண்டாமல், ஒன்றரை அடி தள்ளி வட்டமாக வெட்டிக்கொண்டு வர வேண்டும். வேரோடு இருக்கிற மண் உருண்டை உடையாமல் ஈரச் சாக்கில் கட்ட வேண்டும். புதுக்குழியை முன்கூட்டியே தயாராக வைத்திருக்க வேண்டும். பழைய இடத்தில் எவ்வளவு ஆழத்தில் இருந்ததோ அதே ஆழம். புதுத்துளிர் வரும்வரை உரம் கிடையாது.

“எல்லாத்துக்கும் மேல, கொஞ்சம் பொறுமை வேணும் சார். பத்து நாள் முன்னாடியே வந்து ஒரு பக்கமா வேரை வெட்டி விட்டுட்டுப் போறேன். அது பழகிக்கட்டும். அப்புறம் எடுக்கலாம்.”

அவர் கிளம்பிப் போனபிறகு எனக்கு ஒரு ஜப்பானியக் கதை ஞாபகம் வந்தது. கதை இல்லை, நிஜத்தில் நடந்தது. அங்கே பெயர்த்து எடுத்தது இடுப்பளவு ரோஜா அல்ல. இரண்டு செர்ரி மரங்கள். தாவரவியல் கணக்குப்படி செர்ரியும் ரோஜாக் குடும்பம்தான். ஆப்பிள், பேரிக்காய், பாதாம், ஸ்ட்ராபெர்ரி எல்லாமே அந்தக் குடும்பத்து உருப்படிகள். ஆகவே உறவுமுறையில், அவை எங்கள் வீட்டுப் பன்னீர் ரோஜாவுக்குப் பெரியப்பா முறை.

அந்தப் பெரியப்பாக்களின் வயது நானூறுக்கு மேல். மொத்த எடை 73 டன்.

*

ஜப்பானின் நடுப்பகுதியில் கிஃபு என்று ஒரு மாகாணம். அதன் மலைப்பகுதியில் ஷோ என்றொரு நதி. குளிர்காலம் வந்தால் வீட்டுக் கூரை மட்டத்துக்குப் பனி கொட்டும் பிரதேசம். பனி வழிந்து விழுவதற்காகவே, இரண்டு கைகளைக் கூப்பி வணங்குவதுபோல் செங்குத்தான ஓலைக் கூரை போட்டு வீடு கட்டியவர்கள் அந்த ஊர்க்காரர்கள். நெல், பட்டுப்புழு, காடு, கோயில். தலைமுறை தலைமுறையாக அதுதான் வாழ்க்கை.

1945-ல் யுத்தத்தில் தோற்றபோது ஜப்பானில் நகரங்கள் கருகிக் கிடந்தன. எழுந்து நிற்கத் தொழிற்சாலை வேண்டும். தொழிற்சாலைக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்கு? மலை இருக்கிறது, நதி இருக்கிறது. அணை கட்டு! 1952-ல் அரசாங்கம் அதற்கென்றே ஒரு மின்சக்தி மேம்பாட்டு நிறுவனத்தைத் தொடங்கியது. அதன் முதல் தலைவர் தட்சுனோசுகே தகாசாகி.

இந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. 1885-ல் பிறந்தவர். தகர டப்பா செய்கிற கம்பெனி தொடங்கித் தொழிலதிபர் ஆனவர். யுத்த காலத்தில், ஜப்பான் பிடித்து வைத்திருந்த மஞ்சூரியாவில் ஒரு பிரம்மாண்டமான கனரகத் தொழில் நிறுவனத்துக்குத் தலைவராக இருந்தார். ஜப்பான் தோற்றதும் அங்கே குடியேறியிருந்த லட்சக்கணக்கான ஜப்பானியர்கள் ஒரே நாளில் அநாதைகள் ஆனார்கள். அடுத்தவன் மண்ணில் ஊன்றிய வேர், பிடுங்கப்பட்டது. அவர்களை ஊருக்கு அனுப்பி வைப்பதற்காக அலைந்த ஜப்பானியர் சங்கத்துக்குத் தலைமை தாங்கியவர் தகாசாகி. அவர் ஊர் திரும்பியபோது 1947 ஆகிவிட்டது.

ஆக, வேரறுந்த ஜனங்கள் எப்படி இருப்பார்கள் என்பதைக் கண்ணால் பார்த்த மனிதர். அவர் தலையில்தான் அணை கட்டுகிற வேலை விழுந்தது.

ஷோ நதியின் குறுக்கே மிபோரோ என்ற இடத்தில் ஓர் அணை. 131 மீட்டர் உயரம். அடிப்பாறை சரியில்லை, கான்கிரீட் தாங்காது என்பதால் பாறையையும் களிமண்ணையும் கொட்டி எழுப்புகிற அணை. 215 மெகாவாட் மின்சாரம். பேப்பரில் எல்லாம் அழகாகத்தான் இருந்தது. ஒரே ஒரு சிக்கல். தண்ணீர் தேங்கப்போகிற பள்ளத்தாக்கில் இருநூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இருந்தன. சுமார் 1,200 பேர்.

போகமாட்டோம் என்றார்கள்.

சும்மா சொல்லவில்லை. சங்கம் வைத்துச் சொன்னார்கள். சங்கத்தின் பெயரிலேயே ‘சாகும்வரை காப்போம்’ என்கிற அர்த்தம் இருந்தது. பெண்கள் முன்னால் நின்றார்கள். டோக்கியோவரை போய் மனுக் கொடுத்தார்கள். ஒரு வருஷம், இரண்டு வருஷமல்ல. ஏழு வருஷத்துப் போராட்டம்.

இந்த இடத்தில் ஒரு ஜப்பானிய வார்த்தையை அறிமுகப்படுத்த வேண்டும். நெமவாஷி. மேனேஜ்மென்ட் புத்தகம் படிக்கிறவர்களுக்கு இது பழக்கமான சொல். ஒரு முடிவை மீட்டிங்கில் திடுதிப்பென்று போட்டு உடைக்காமல், சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரையும் முன்கூட்டியே தனித்தனியாகப் பார்த்து, பேசி, சம்மதம் வாங்கி வைப்பதற்கு அங்கே அந்தப் பெயர். டொயோட்டா கம்பெனி வேலை செய்கிற விதத்தை விளக்கும் புத்தகங்களிலெல்லாம் இந்தச் சொல் வந்துவிடும்.

நேர் அர்த்தம் என்ன தெரியுமா? ‘வேரைச் சுற்றிப் போதல்’. தோட்டக்காரர்களின் சொல் அது. ஒரு பெரிய மரத்தை இடம் மாற்ற வேண்டுமென்றால், ஒரு வருஷம், இரண்டு வருஷம் முன்னாலேயே அதைச் சுற்றிப் பள்ளம் தோண்டி, பக்க வேர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, மறுபடி மண்ணைப் போட்டு மூடிவிடுவார்கள். வெட்டிய இடத்தில், தண்டுக்குப் பக்கத்திலேயே புதுச் சின்ன வேர்கள் கிளம்பும். பிறகு பெயர்த்தால் மரத்துக்கு அதிர்ச்சி குறைவு. எங்கள் நர்சரிக்காரர் பத்து நாள் கணக்கில் சொன்ன அதே சமாசாரம்.

மிபோரோவில் மனிதர்களுக்கு நெமவாஷி நடக்கவில்லை. திட்டம்தான் முதலில் வந்தது, பேச்சுவார்த்தை அப்புறம். அதனால்தான் ஏழு வருஷம். நடுவில், 1956-ல், நிறுவனத்தின் துணைத் தலைவர் ஊராரிடம் ஒரு கடிதம் கொடுத்தார். இடம்பெயர நேர்ந்தால், இப்போது இருப்பதைவிடச் சந்தோஷமாக இருப்பதாக நீங்களே கருதும்படியான ஏற்பாட்டைச் செய்வது எங்கள் பொறுப்பு என்கிற வாக்குறுதி. ‘மகிழ்ச்சி ஒப்பந்தம்’ என்றே அதற்குப் பேர் வந்துவிட்டது. ஒரு கம்பெனி, லெட்டர்ஹெட்டில், இன்னொருவரின் சந்தோஷத்துக்கு கியாரண்டி எழுதிக்கொடுத்தது! நஷ்ட ஈடு, மாற்று நிலம் என்பதெல்லாம் கணக்கில் எழுதலாம். சந்தோஷத்தை எந்த லெட்ஜரில், எந்தப் பக்கத்தில் எழுதுவது?

ஆனாலும் அந்தக் கடிதத்துக்குப் பிறகுதான் பேச்சு நகர்ந்தது. 1959 நவம்பரில் சங்கம் கலைக்கப்பட்டது.

*

சங்கத்தைக் கலைக்கிற கூட்டத்துக்கு தகாசாகியையும் கூப்பிட்டிருந்தார்கள். அப்போது அவர் நிறுவனத்தின் தலைவர் பதவியில் இல்லை. நடுவில் மந்திரியாகவும் இருந்து முடித்துவிட்டார். இருந்தாலும் வந்தார். ஏழு வருஷம் எதிரெதிரே நின்றவர்கள் ஒரே கூடத்தில் உட்கார்ந்தார்கள். ஊர்க்காரர்களில் பலர் அழுதார்கள்.

மூழ்கப்போகிற ஊரை ஒருதடவை சுற்றிப் பார்க்கக் கிளம்பினார் தகாசாகி. கோரின்ஜி என்கிற புத்தர் கோயிலின் முற்றத்தில் ஒரு பெரிய செர்ரி மரம். எடோ ஹிகான் என்கிற வகை. நூற்றாண்டுக் கணக்கில் வாழக்கூடியது. அண்ணாந்து பார்த்தார். வயது எழுபத்து நான்கு அவருக்கு. மரத்துக்கு நானூற்றுச் சொச்சம். இன்னும் கொஞ்ச நாளில் இந்த மரம் தண்ணீருக்கு அடியில் நின்றுகொண்டிருக்கும்.

இதையாவது காப்பாற்ற முடியாதா?

விசாரித்தார். நானூறு வருஷத்துச் செர்ரியைப் பெயர்த்து நடுவதா? நடக்கிற காரியமா? அந்த அளவில் அதுவரை யாரும் செய்து பார்த்ததில்லை. கடைசியில் ஒரு பெயரைப் பிடித்தார். ஷிந்தாரோ சசாபே.

சசாபே ஒரு விசித்திரமான ஆசாமி. 1887-ல் ஒஸாகாவில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் படித்தது சட்டம். கோர்ட் பக்கம் போகவில்லை, உத்தியோகத்துக்கும் போகவில்லை. வாழ்நாள் முழுவதும் செய்தது ஒரே வேலை: செர்ரி மரம் வளர்த்தது. பூங்காக்களில் வேகமாக வளர்ந்து, பளிச்சென்று பூக்கும் ஒட்டு ரகத்தை எல்லோரும் கொண்டாடிக்கொண்டிருந்த காலத்தில், காட்டுச் செர்ரிதான் அசல் என்று தனியாளாக நின்று, மலையில் சொந்தத் தோட்டம் போட்டு, சொத்தைக் கரைத்தவர். (நாவலாசிரியர் மிசுகாமி சுதோமு பிற்பாடு ‘செர்ரிக் காவலன்’ என்று ஒரு நாவல் எழுதினார். அதன் நாயகனுக்கு சசாபேதான் மாடல்.)

தகாசாகி போய்க் கேட்டார். முதலில் தயங்கினார் சசாபே. தயங்காமல் என்ன செய்வார்?

ஜப்பானியத் தோட்டக்காரர்களிடையே ஒரு பழமொழி உண்டு. செர்ரியை வெட்டுகிறவன் முட்டாள். பிளம் மரத்தை வெட்டாதவன் முட்டாள். பிளம் மரத்தை எவ்வளவு கழித்தாலும் துளிர்த்துப் பூக்கும். செர்ரி அப்படியல்ல. வெட்டுக் காயம் சுலபத்தில் ஆறாது. அந்த வழியாக அழுகல் நுழையும். மரமே போய்விடும். ஆனால் வெட்டாமல் இடம் மாற்றவும் முடியாது. வரவு குறைந்தால் செலவைக் குறைத்தாக வேண்டும். வெட்டினால் சாகலாம். வெட்டாவிட்டால் நிச்சயம் சாகும். இதுதான் சசாபேயின் முன்னால் இருந்த கணக்கு.

சரி என்றார். எழுபத்து மூன்று வயதில் வாழ்நாள் சம்பாத்தியமான பெயரைப் பணயம் வைத்தார். ஊரைப் பார்க்க வந்தவர், பக்கத்திலேயே ஷோரென்ஜி கோயிலில் அதேபோல இன்னொரு கிழட்டுச் செர்ரி நிற்பதைப் பார்த்தார். ஒன்றைக் காப்பாற்ற வந்தவன் இதை விட்டுவிட்டுப் போவதா? அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

இவ்வளவு வயதான மரத்துக்கு வருஷக்கணக்கில் ஆற அமர நெமவாஷி செய்திருக்க வேண்டும். அவகாசம் எங்கே இருக்கிறது? அணை எழும்பிக்கொண்டிருந்தது. மரம் குளிர்கால உறக்கத்துக்குப் போக வேண்டும், அதே சமயம் கடும்பனி விழுந்து பாதை அடைபடுவதற்குள் வேலை முடிய வேண்டும். இரண்டுக்கும் இடையே கிடைத்தது ஒரு சின்ன இடைவெளி. 1960 நவம்பர் 15-ம் தேதி வேலை ஆரம்பித்தது.

தேர்ந்த தோட்டக்காரர்கள் ஒரு பக்கம். அணைக்குக் கல் சுமந்துகொண்டிருந்த கிரேன், புல்டோசர்களெல்லாம் இன்னொரு பக்கம். கிளைகளைக் கழித்தார்கள். வேரைச் சுற்றி வெட்டினார்கள். வெட்டிய இடமெல்லாம் கட்டுப் போட்டார்கள். மண் உருண்டையை உதிராமல் கட்டி, மரத்தை இரும்புச் சறுக்கு வண்டியில் ஏற்றி, புல்டோசர்களைக் கொண்டு மலைப்பாதையில் இழுத்தார்கள். போக வேண்டிய தூரம் வெறும் 600 மீட்டர். ஏற வேண்டிய உயரம் 50 மீட்டர். நம் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற தூரம். நாற்பது நாள் ஆனது. டிசம்பர் 24-ம் தேதி இரண்டு மரங்களும் ஏரிக்கரையாகப்போகிற மேட்டில் நின்றன.

நின்றன என்பதுகூடத் தாராளமான வார்த்தை. கிளையெல்லாம் போய், உடம்பெல்லாம் கட்டுப் போட்டு, யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய் மாதிரி இரண்டு மொட்டைக் கட்டைகள். பார்த்தவர்கள் திட்டினார்கள். ஊரைத்தான் அழித்தீர்கள், நிம்மதியாக மூழ்கிப்போக வேண்டிய மரத்தை எதற்கு இப்படிச் சித்திரவதை செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயமில்லை என்று சொல்ல முடியாது.

பனி கொட்டியது. மூடியது. எல்லோரும் காத்திருந்தார்கள்.

1961 வசந்தம். பனி உருகியது. மொட்டைக் கட்டையில், கட்டுகளுக்கு இடையே, துளிர் விட்டிருந்தது.

*

சினிமாவாக இருந்தால் இங்கே ‘சுபம்’ போட்டுவிடலாம். ஆனால், மரத்தோடு சேர்ந்து வேறு என்னவெல்லாம் இடம் மாறியது என்று பார்க்கலாம்.

ஷோரென்ஜி கோயிலின் பிரதான மண்டபம் 1504-ல் கட்டியதாகக் கருதப்படுவது. அதைப் பிரித்து, தகயாமா என்கிற நகரத்துக்குக் கொண்டுபோய் மறுபடி கோத்தார்கள். கோயில் ஒரு ஊரில், அதன் மரம் இன்னொரு இடத்தில். கூப்பிய கைக் கூரை போட்ட பழைய வீடுகளில் ஒன்று யோகஹாமாவுக்குப் போய், சங்கெயென் தோட்டத்தில் காட்சிப்பொருளானது. டிக்கெட் வாங்கினால் உள்ளே போய்ப் பார்க்கலாம். இன்னொன்று தகயாமாவின் திறந்தவெளி மியூசியத்துக்குப் போனது. மரத்துக்கு சசாபே கிடைத்தார். கட்டடங்களுக்கு நிபுணர்கள் கிடைத்தார்கள்.

மனிதர்கள்? பணத்தை வாங்கிக்கொண்டு திசைக்கொன்றாகப் போனார்கள். சிலர் பக்கத்து ஊர்களுக்கு, சிலர் தூரத்து நகரங்களுக்கு. அவர்களின் வேரோடு மண்ணை உருண்டையாகக் கட்டி அனுப்ப யாராலும் முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர், கோயில் திருவிழா, சண்டைக்காரப் பங்காளி, குறுக்குச் சந்து. மனிதனுக்கு இதெல்லாம்தானே நுனி வேர்? அது அறுந்தால் அறுந்ததுதான். சந்தோஷத்துக்கு எழுதிக் கொடுத்த கியாரண்டி எத்தனை பேருக்குப் பலித்தது என்பதை அவரவர் மனசுதான் சொல்ல வேண்டும்.

1962 ஜூன் 12-ம் தேதி, மூழ்கிய ஊர்களுக்கு ஒரு நினைவுக்கல் திறந்தார்கள், அந்த மரங்களுக்குப் பக்கத்திலேயே. சிதறிப்போன ஜனங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். வந்தார்கள். கீழே பார்த்தால் ஏரி. வீடு, வயல், தாத்தா பாட்டியின் கல்லறை இருந்த இடமெல்லாம் அதற்குள். மேலே பார்த்தால், பச்சை இலைகளோடு மரம். ஒரு மூதாட்டி அதைக் கட்டிக்கொண்டு கதறினார் என்று சொல்வார்கள். தகாசாகி அங்கே இருந்தார். அவர் எழுதிய சின்னக் கவிதை அந்தக் கல்லில் இருக்கிறது.

அணை கட்டிய கம்பெனி, ஒரு மரத்தைக் காப்பாற்றி நல்ல பேர் வாங்கிக்கொண்டது என்றும் சொல்லலாம். சொன்னவர்கள் உண்டு. எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. அப்புறம் அந்த மூதாட்டியை நினைத்துக்கொண்டேன். அவருக்கு அந்த மரம் விளம்பரம் இல்லை. ஊரிலிருந்து மிச்சமிருக்கிற ஒரே சொந்தக்காரர். திரும்பி வந்து பார்ப்பதற்கு ஓர் இடம் வேண்டும், அழுவதற்காவது. தகாசாகி காப்பாற்றிக் கொடுத்தது அவ்வளவுதான். அது கொஞ்சம்தான். ஆனால் உலகத்தில் எத்தனையோ அணைகளுக்கு அடியில் போன ஊர்க்காரர்களுக்கு அந்தக் கொஞ்சமும் கிடைக்கவில்லை.

தகாசாகி 1964-ல் காலமானார். சீனாவோடு ஜப்பானுக்குத் தூதரக உறவே இல்லாத காலத்தில், 1962-ல், இரு நாடுகளுக்கும் இடையே வர்த்தக ஒப்பந்தம் போட்டவர் என்றுதான் சரித்திரப் புத்தகம் அவரைச் சொல்லும். சசாபே தொண்ணூறைத் தாண்டி 1978 வரை இருந்தார்.

இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். ரியோஜி சாதோ. நகோயாவிலிருந்து கனஸாவாவுக்குப் போகிற அரசாங்க பஸ்ஸில் கண்டக்டர். அந்த பஸ் இந்த மலைப்பாதை வழியாகத்தான் போகும். மரம் பெயர்க்கப்பட்டதையும், மொட்டைக் கட்டை துளிர்த்ததையும், முன்னாள் ஊர்க்காரர்கள் வந்து மரத்தடியில் நிற்பதையும் பார்த்துப் பார்த்து போட்டோ எடுத்தார். பிறகு அவருக்குள் என்னவோ நடந்தது. 266 கிலோமீட்டர் பஸ் பாதை முழுக்கச் செர்ரி நடுவது என்று கிளம்பிவிட்டார். பசிபிக் கடல் பக்கத்தையும் ஜப்பான் கடல் பக்கத்தையும் பூவால் இணைக்க வேண்டுமாம். கண்டக்டர் சம்பளத்தில்! லீவு நாளெல்லாம் குழி தோண்டினார். சுமார் 2,000 மரங்கள் நட்டிருந்தபோது, 1977-ல், நோயில் இறந்துபோனார். வயது 47. அவர் கதையைப் புத்தகமாக எழுதினார்கள், சினிமாவாக எடுத்தார்கள். அவர் நினைவாக அந்தப் பாதையில் நெடுந்தூர ஓட்டப் பந்தயம் நடத்தினார்கள்.

இடம் மாறிய அந்த இரண்டு செர்ரிகளும் 1966-ல் மாகாணத்தின் இயற்கைச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. ஜப்பானின் மற்ற இடங்களில் செர்ரிப் பூக்காலம் முடிந்தபிறகு, ஏப்ரல் கடைசி, மே முதல் வாரத்தில் ஏரிக்கரையில் பூக்கும். அந்த மலைக்கு வசந்தம் தாமதமாகத்தான் வரும்.

*

எங்கள் ரோஜா?

பத்து நாள் முன்னால் வந்து வேரைச் சுற்றி வெட்டிவிட்டுப் போனார் நர்சரிக்காரர். அப்புறம் ஒரு சாயங்காலம் பெயர்த்தார். முழங்கால் உயரத்துக்குக் கழித்தார். என் மனைவி அந்தப் பக்கமே வரவில்லை. சமையலறையில் பாத்திரம் உருட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஆனால் வண்டி கிளம்பும்போது ஓர் அரிசிப் பையைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். கனமாக இருந்தது. பழைய வீட்டு மண்.

“குழிக்குள்ள இதையும் போடச் சொல்லுங்க.”

நட்ட ஒரு வாரத்தில் மிச்சமிருந்த இலையும் கொட்டிவிட்டது. வெறும் முள் குச்சி. இரண்டு வாரம் வீட்டில் யாரும் அந்தச் செடியைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் பழி யார் மேல் விழும் என்று எனக்குத் தெரியும். தினம் காலையில் பேப்பர் எடுக்கிற சாக்கில் போய், நகத்தால் தண்டை லேசாகக் கீறிப் பார்ப்பேன். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது என்று நர்சரிக்காரர் சொல்லியிருந்தார். பச்சை இருந்தது. ஐந்தாவது வாரம், அடித்தண்டுக்குப் பக்கத்தில் கடுகளவு சிவப்பாக ஒரு துளிர்.

அன்றைக்குச் சாயங்காலம் பழைய தெருவிலிருந்து போன். வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து, சாமி படத்துக்கு ஒரே ஒரு ரோஜா பறித்துப் போகிற எதிர்வீட்டுப் பாட்டி. நாங்கள் எப்படி இருக்கிறோம், புது வீட்டில் தண்ணீர் வசதி எப்படி, எதையும் கேட்கவில்லை.

“ரோஜா பொழைச்சுடுத்தாடா?” என்றார்.